மூஞ்சிப்பூ அக்கா

என் வீட்டுக்காரருக்கு நான் இரண்டாம் தாரம். முதல் மனைவி உயிரோடு, அதே வீட்டில், என்னைவிடத் திடமாக இருந்தபோதுதான் நான் அங்கே போனேன். என்னைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவரே அவர்தான். அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பழக்கம் இல்லாததால் இங்கேயும் பெயர் வேண்டாம்.

அக்கா எப்படிப்பட்டவர் என்று என் பிள்ளைகள் கேட்டதுண்டு. நல்லவர், கெட்டவர் என்று சொல்லி முடிக்கக்கூடிய ஆள் இல்லை அவர். நடையில் நிதானம், கைவேலையில் நிதானம், குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் தனக்கு ஒரு வருத்தம் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் மட்டும் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது. அது வாசலுக்கு வந்து கதவைத் தட்டும்வரை விடமாட்டார். இவரே எழுந்துபோய்ப் பாதி வழியிலேயே அதைச் சந்தித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

நான் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவள். கொட்டகலைக் கடைவீதியைத் தாண்டி ஏறிப்போகும் மலையில் இருந்தது தோட்டம். எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் நடுவில் கணக்கப்பிள்ளை வீடு. தனி வீடு, தகரக் கூரை, முன்னால் ஒரு துண்டு நிலம். மற்ற உத்தியோகத்தர் வீடுகளின் முன்னால் டேலியாவும் சாமந்தியும் நிற்கும். அந்த வீட்டின் முன்னால் மட்டும் பான்சி. அதோடு, பான்சியின் தங்கச்சி மாதிரி சின்னச் சின்னதாக வயோலா.

கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போகிற எங்களுக்குப் பான்சி என்கிற பெயரெல்லாம் தெரியாது. ஊதாவிலும் மஞ்சளிலும் கருஞ்சிவப்பிலும் இதழ், நடுவில் மை அப்பினதுபோல் ஒரு கறுப்பு. பார்த்தால் யாரோ வாயை மூடிக்கொண்டு முறைக்கிற மாதிரி இருக்கும். நாங்களாகவே மூஞ்சிப்பூ என்று பெயர் வைத்துக்கொண்டோம். வீட்டுக்காரம்மாவான அக்காவும் மூஞ்சிப்பூ அம்மா ஆகிவிட்டார், அவர் காதில் விழாத தூரத்தில்.

அந்தப் பூவின் விதை துரையின் பங்களாவிலிருந்து வந்தது. துரைசாணிக்குச் சீமையிலிருந்து பொட்டலம் பொட்டலமாக விதை வரும். நுவரெலியாவில் சீசன் காலத்தில் நடக்கும் பூக்கண்காட்சிக்குச் சட்டிகளை லொறியில் ஏற்றி அனுப்புவார்கள். பங்களாவில் பூப்பாத்தி பார்த்த பெரியவர், மிஞ்சிய நாற்றுகளைக் கொட்டிவிட மனமில்லாமல், ஒருநாள் வாழை மட்டையில் வைத்துக் கணக்கப்பிள்ளை வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது அக்காவுக்குக் கல்யாணமான புதிது. அன்றைக்குப் பிடித்துக்கொண்ட வேலை அது.

அக்காவின் மாமியாருக்கு அந்தப் பூவைக் கண்டாலே ஆகாது. தலையில் வைக்க முடியாது, சாமிக்கும் போட முடியாது, வாசமும் கிடையாது, இதற்கு எதற்கு இவ்வளவு பாடு என்பார். அக்கா மறுத்துப் பேசமாட்டார். அத்தை அடுத்ததாக எதைச் சொல்லப்போகிறார் என்பது அவருக்குத் தெரியும். பூத்து என்ன, காய்த்து என்ன, இந்த வீட்டில் என்று அந்தப் பேச்சு வந்துவிடுமோ என்று பயந்து, பேச்சு நீளுவதற்குள் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போய்விடுவார். அத்தை உண்மையில் அதைச் சொல்லியிருப்பாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. தோட்டத்தில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசாமல் அக்கா பார்த்துக்கொண்டார்.

பெரிய கங்காணி மகளுக்கு வளைகாப்பு நடந்தபோது நான் அங்கே தாம்பாளம் ஏந்திக்கொண்டு நின்றேன். ஒவ்வொருத்தராகப் போய் அந்தப் பெண்ணுக்கு வளையல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா எல்லோருக்கும் முன்னால் வந்து, பட்டுச்சேலை மடிப்புக்கூடக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். வரிசை அவர் பக்கம் நகர்ந்தது. அவருக்கு முன்னால் மூன்று நான்கு பேர் இருக்கும்போதே எழுந்தார். ஒரு டசின் கண்ணாடி வளையலை என் தாம்பாளத்தில் வைத்து, "அடுப்புல பால் வெச்சிட்டு வந்துட்டேன் புள்ள. நீயே சேத்துக் குடுத்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார். கங்காணியின் மனைவி என்னிடம் வந்து, "அவங்க எங்க? மொத வளையல அவங்க கையாலதான் போடச் சொல்லலாம்னு தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். அது உண்மையா, ஆள் போன பிறகு வந்த நல்ல மனசா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் அக்காவுக்காவது தெரிந்திருக்கும்.

இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர்களுக்கெல்லாம் இல்லை இல்லை என்று பதில் வந்துகொண்டிருந்த காலம் அது. கணக்கப்பிள்ளை ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் அலைந்து தனக்கும் தாய்க்கும் மனுப் போட்டார். அக்கா போடவில்லை. இல்லை என்று சொல்லத்தானே கூப்பிடுவார்கள், அதைக் கேட்கப் பஸ் ஏறிப் போக வேண்டுமா என்றாராம். இது நடந்தது நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால். அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அக்கா கட்டியிருந்த மனிதரோ நேர் எதிர். எங்கள் கணக்கப்பிள்ளைக்கு ஒரு வாக்கியம் வெளியே வருவதற்குள் மலையில் பனி விலகிவிடும். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் பிரித்து நிறுத்திவிட்டு, "இன்னைக்கு வந்து..." என்று ஆரம்பிப்பார். எந்த மலையில் வேலை என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பாதிப்பேர் நடக்கத் தொடங்கியிருப்போம். திக்குவாய் இல்லை. சொல்லப்போவதை உள்ளுக்குள்ளே ஒருமுறை சொல்லிப் பார்த்து, சரிதான் என்று பட்டால்தான் வெளியே விடுவார். வீட்டில் அந்த இடைவெளியை அக்கா நிரப்பினார். அவர் "சோத்துக்கு..." என்பார், "கருவாட்டுக் கொழம்புதான்" என்று இவர் முடிப்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதனால் அது ஒரு குறையாக யாருக்கும் தெரியவில்லை.

தென்மேற்கு மழை பிடித்தால் எங்கள் பக்கத்தில் வாரக்கணக்கில் விடாது. பான்சி அந்த அடியைத் தாங்காது. தண்டு அழுகும், இலையில் புள்ளி விழும். மூங்கில் தட்டி கட்டி, மேலே பழைய சாக்கை விரித்து, ஒழுகுகிற பக்கம் மண் அணைத்துக் காப்பாற்றலாம். ஒரு வருஷம் மேகம் கறுத்துக்கொண்டு வந்த முதல் நாளே அக்கா பாத்தி முழுவதையும் பிடுங்கிவிட்டார். மொட்டும் பூவுமாக இருந்த செடிகள். மடுவத்துக்குப் போகிற வழியில் நாங்கள் நின்று பார்த்தோம். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேரிலிருந்த மண்ணை உதறி, வரிசையாக அடுக்கினார். அந்த வருஷம் மழை தூறலோடு நின்றுவிட்டது. பங்களாப் பாத்தியில் பூ அப்படியே இருந்தது. யாரோ அதைச் சொல்லிக் கேட்டதற்கு, "வந்திருந்தா அழுகியிருக்கும்ல" என்றார். அதோடு சரி.

என்னைப் பெண் கேட்டு அவர் வந்தது கொழுந்து குறைந்திருந்த ஒரு மாசத்தில். என் அப்பா இறந்து, நானும் அம்மாவும் லயத்தில் ஒரு காம்பறாவில் இருந்தோம். அக்கா வெற்றிலைத் தட்டோடு தனியாக வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். அம்மா பதறிப்போய்ப் பாய் தேடினார். எனக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பதாகச் சொன்னார். யார் என்று அம்மா கேட்டதும், "எங்க வீட்டுக்காரருதான்" என்றார். சொல்லும்போது முகத்தில் ஒன்றுமே இல்லை. நல்ல மனிதர், குடிக்க மாட்டார், கைநீட்ட மாட்டார், அந்த வீட்டில் ஒரு குழந்தை வேண்டும், அதற்கு வேறு வழியில்லை, மற்ற தோட்டங்களில் நடக்காததா என்று எல்லாவற்றையும் அவரே சொன்னார். அம்மாவுக்கு மறுக்க வாயில்லை. தனி வீடு, சமைக்கத் தனிக் குசினி, மழையில் கூடை சுமக்க வேண்டாம். நான் அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகக்கண்ணில் எருமண் ஒட்டியிருந்தது.

அவர் வீட்டில் பேசி முடித்த விதத்தை அத்தை பிறகு எனக்குச் சொன்னார். கணக்கப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அக்கா பரிமாறுகிறார். ஒங்களுக்கு ஒரு பொண்ணு பாத்திருக்கேன், அத்தைக்கும் சம்மதம் என்கிறார். அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. கணக்கப்பிள்ளை சோற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்து, வாயைத் திறந்தாராம். அக்கா ரசத்தை ஊற்றிவிட்டு, வர்ற வெள்ளிக்கிழமை கோயில்ல வெச்சிக்கலாம் என்றாராம். திறந்த வாய் மூடிக்கொண்டது. அத்தை ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். "நான் வாயத் தொறந்து ஒரு நாளும் கேக்கலடி. மனசுல நெனச்சது உண்டு, பொய் சொல்லக் கூடாது. நெனச்சதெல்லாம் கேட்டதாயிருமா?" என்றார். அவருக்கும் அது ஒரு முள்ளாகத்தான் இருந்தது.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். தாலித்தட்டை ஏந்தி நின்றவர் அக்கா. என் தலைமுடியை வாரிவிட்டவரும் அவர்தான். மாப்பிள்ளை கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. கூட்டத்தில் சிலர் அக்காவின் மனசை மெச்சிப் பேசினார்கள், சிலர் ஓரத்தில் நின்று சிரித்தார்கள். இரண்டும் அவரைத் தொட்டதாகத் தெரியவில்லை. அன்று மாலையே தன் பெட்டியைக் குசினிக்குப் பின்னாலிருந்த சிறு அறைக்கு மாற்றிக்கொண்டார். யாரும் மாற்றச் சொல்லவில்லை.

அந்த வீட்டில் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. அப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சண்டைக்கு ஒரு பொருள் வேண்டுமே. எனக்கு வேண்டும் என்று நான் நினைப்பதற்குள் அதை அவர் விட்டுக்கொடுத்திருப்பார். முன்னறை, குசினிச் சாவி, வீட்டுக்காரருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அப்படித்தான் என் கைக்கு வந்தன. விடாமல் அவர் வைத்துக்கொண்டது பூப்பாத்தி ஒன்றைத்தான். அதிலும் எனக்கு ஒரு வயோலா வரிசை ஒதுக்கினார்.

பாத்தியில் இருக்கும்போதுதான் அவர் அவராக இருந்தார். இலைமக்கு, ஆற்று மணல், ஆறின மாட்டெரு மூன்றையும் சலித்து, தேயிலைப் பெட்டியின் மூடியில் பரப்பி, விதையைத் தூவி, நனைந்த சாக்கால் மூடுவார். வெளிச்சம் பட்டால் அந்த விதை முளைக்காது. முளை தெரிந்த அன்றே சாக்கை எடுக்க வேண்டும். தண்ணீரை வாளியால் ஊற்றமாட்டார், சைப்ரஸ் கொப்பை நனைத்து உதறுவார். விடியும் முன் எழுந்து இலைக்கடியில் ஒட்டியிருக்கும் நத்தைகளைப் பொறுக்கிச் சாம்பல் டப்பாவில் போடுவார். ஒரு செடி முதல் மொட்டு விட்டால் கிள்ளிவிடுவார், பக்கக் கிளை வரட்டும் என்று. நல்ல பூ விரிந்த நாளில் அதன் முன்னால் குந்திக்கொண்டு, "இவரு கொஞ்சம் கோவக்காரரு", "இந்தம்மா தூங்கலபோல" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரிப்பதை வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை.

ஆனால் அவருடைய விதை மட்டும் சரியாக வராது. பான்சிக் காய் பச்சையாக இருக்கும்போது தலையைத் தொங்கப் போட்டிருக்கும். முற்றினால் தானே நிமிர்ந்து வானத்தைப் பார்க்கும். அதற்கடுத்த வெயிலில் மூன்றாக வெடித்து விதையைச் சிதறடித்துவிடும். நிமிர்ந்த அன்று எடுக்க வேண்டும். பங்களாப் பெரியவர் இதைச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அக்கா தலையை ஆட்டினார். பிறகு காய் தொங்கிக்கொண்டிருக்கும்போதே பறித்தார். வெடித்துவிட்டால் என்ன செய்வது என்பார். வெளிறின விதை, விதைத்தால் பாதிக்கு மேல் முளைக்காது. ஒவ்வொரு வருஷமும் பங்களாவில் நாற்றுக் கேட்டுத்தான் பாத்தியை நிரப்ப வேண்டியிருந்தது.

நான் உண்டானது தெரிந்ததும் வீட்டில் சந்தோஷம்தான். அக்கா எனக்குப் புளிச்சக்கீரை தேடிக்கொண்டு வந்தார். என் கால் வீங்கினபோது எண்ணெய் தேய்த்துவிட்டார். எனக்கு வளைகாப்புப் போட நாள் பார்க்க வேண்டும் என்று அத்தை பேச்செடுத்த மறுநாள் காலை, வீட்டுக்காரர் பெரட்டுக்குப் போன பிறகு, அக்கா தகரப் பெட்டியோடு முன்வாசலில் நின்றார். ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவருடைய அண்ணன் பங்களாச் சமையல்காரராக இருந்தார். அங்கே துரைசாணிக்குப் பூப்பாத்தி பார்க்க ஆள் வேண்டுமாம்.

எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்டேன். என் வயிற்றில் கையை வைத்தார்.

"கொழந்த பொறந்தப்புறம் நான் எங்க நிக்கிறது, எங்க ஒக்கார்றதுன்னு ஒங்க எல்லாருக்கும் சங்கடமா இருக்கும் தங்கச்சி. யாரு மொதல்ல சொல்றதுன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பீங்க. அந்தக் கஷ்டம் ஒங்களுக்கு எதுக்கு."

அப்படியெல்லாம் யாரும் நினைக்கவில்லை என்று சொன்னேன். இப்ப நினைக்கமாட்டீங்க என்றார். அத்தை உள்ளேயிருந்து ஓடி வந்து கையைப் பிடித்தார். அக்கா குனிந்து அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பெட்டியைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு குறுக்குப்பாதையில் இறங்கினார். பாத்திப் பக்கம் பார்க்காமல் போனார்.

மத்தியானம் வீட்டுக்காரர் வந்தார். சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பஸ் எத்தனை மணிக்குப் போயிருக்கும் என்று கேட்டார். பத்து மணி பஸ்ஸில் போயிருப்பார் என்றேன். தலையை ஆட்டினார். கொட்டகலைவரை நடந்துபோய்விட்டு இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்தார். போன பஸ்ஸை எங்கே பிடிப்பது.

அதற்குப் பிறகு எனக்கு மூத்தவள் பிறந்தாள், அடுத்து ஒரு பையன். பாத்தியை நான் பார்த்துக்கொண்டேன். வருஷங்கள் போயின. அக்காவிடமிருந்து பண்டிகைக்குப் பண்டிகை யாராவது ஒரு ஆள் மூலம் பிள்ளைகளுக்குச் சட்டைத்துணி வரும். அத்தை இறந்தபோது அக்கா வந்தார். தலையில் நரை விழுந்திருந்தது. அழுதார், மற்றப் பெண்களோடு மாரடித்தார், பிணம் எடுத்ததும் பின்கட்டில் முகம் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆண்கள் சுடலையிலிருந்து திரும்பி வந்தபோது அவர் இல்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் நானும் வீட்டுக்காரரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் உள்ளே. அவர் ரொம்ப நேரம் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு..." என்றார். அதை முடித்துக்கொடுக்க நான் போகவில்லை. "அன்னைக்குச் சோத்துல கைய வெச்சிக்கிட்டு, வேணாம்னுதான் சொல்ல வந்தேன்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. என்னைப் பார்த்தார். உன்னைச் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தார், அதுவும் வரவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஒரு சொல் நேரத்துக்கு வந்திருந்தால் இந்த வாசலில் நான் இல்லை. உள்ளே விளையாடிக்கொண்டிருந்த இரண்டும் இல்லை. அக்கா இருந்திருப்பார். அந்த வீட்டில் இருவர் சந்தோஷமாக இருந்திருப்பார்கள் என்றால், அந்த இருவரில் நான் ஒருத்தி இல்லை.

அதை வைத்துக்கொண்டு என்னால் பல மாசம் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. யாருக்காவது அது சேர வேண்டியது என்றால் அக்காவுக்குத்தான். இந்தியாவுக்குப் போகிறவர்கள் யார், இருக்கிறவர்கள் யார் என்று தோட்டமெல்லாம் பேச்சாகிக் கிடந்த சமயம். அதையே சாக்காக வைத்து, பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, கொட்டகலையில் பஸ் ஏறி நுவரெலியாவில் மாறி ராகலைக்குப் போனேன்.

பங்களா ரோட்டுக்கு மேலே மேட்டில் இருந்தது. பஸ் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் பூப்பாத்திகள் தெரிந்தன. அங்கிருந்து பார்த்தால் பஸ்ஸில் யார் இறங்குகிறார்கள் என்பதும் தெரியும்போலிருக்கிறது. நான் படியேறிப் போவதற்குள் அக்கா எனக்குத் தண்ணீர்ச் செம்போடு நின்றார். பாத்தி பாத்தியாகப் பான்சி, ஓரம் முழுக்க வயோலா. அந்தக் குளிரில் நிறமெல்லாம் இன்னும் ஆழமாக இருந்தது. இன்னொரு கையில் ரப்பர் குழாய்.

நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள், "கூப்புட வந்திருந்தா கூப்புடாத தங்கச்சி. நான் வரமாட்டேன்" என்றார்.

கூப்பிட வரவில்லை, ஒன்று சொல்ல வந்தேன் என்றேன். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். பெரியவள் எந்த வகுப்பு, பையனுக்கு இழுப்பு நின்றதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். என்னைச் சொல்லவிடக் கூடாது என்பது தெரிந்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கேள்வி தீர்ந்த பிறகு சொன்னேன், அன்றைக்கு அவர் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று.

அக்கா குழாயை அடுத்த பாத்திக்கு மாற்றினார்.

"தெரியும்" என்றார். "'வே' வரைக்கும் வந்துருச்சு. ஒதட்டப் பாத்தேன். அதனாலதான் ரசத்த ஊத்துனேன்."

தெரிந்தா செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அன்னைக்கு வேணாம்னு சொல்லியிருப்பாரு. அடுத்த வருசமும் சொல்லியிருப்பாரு. என்னைக்காவது ஒருநா, சொல்லாம சும்மா இருந்திருப்பாரு. அந்த ஒருநாளு எப்ப வருமோன்னு நான் தெனம் அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டே குடும்பம் நடத்தணும். என்னால ஏலாது புள்ள."

"அந்த நாள் வராமலே இருந்திருந்தாக்கா?"

தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்து குழி பறித்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அத இங்க வந்ததுக்கப்புறம்தான் நெனச்சேன்" என்றார். "இப்ப தெனமும் அதத்தான் நெனக்கிறேன்."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அண்ணன் குசினியில் இட்ட சோற்றைத் தின்றேன். எனக்கு ருசி தெரியவில்லை. கிளம்பும்போது என் தலையில் கையை வைத்து, "நீ நல்லா இருக்கியா?" என்று கேட்டார். நல்லா இருக்கேன்கா என்றேன். அது பொய்யில்லை. வீட்டுக்காரர் மெல்ல மெல்லப் பேசினாலும் என்னோடும் பேசுகிற மனிதர்தான், பிள்ளைகள் மேல் உயிர். அக்கா தலையை ஆட்டினார். அதைக் கேட்டதில் அவருக்குச் சந்தோஷமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு மழைக்காலம் போய் அங்கேயே, காய்ச்சலில், இரண்டே நாளில் போய்விட்டார். எங்களுக்குச் செய்தி வந்தது எல்லாம் முடிந்த பிறகு.

ஆனால் ராகலையிலிருந்து நான் திரும்பிய அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரிடம் மறைக்கவில்லை. அக்காவுக்கு அப்போதே தெரிந்திருந்தது, தெரிந்தேதான் ரசத்தை ஊற்றினார் என்றேன். தினமும் நினைக்கிறாராம் என்பதையும் சொன்னேன். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். ராகலைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றார். போங்க என்றேன். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் போகும் வழியெல்லாம் உள்ளுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருப்பார். கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் எங்கே படுக்கவைப்பது என்றுகூட நான் யோசித்துவிட்டேன். பின்னறையைக் கூட்டி, பாயை வெயிலில் போட்டேன்.

கடைசி பஸ்ஸில் தனியாக வந்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்டேன்.

"வீட்டுல இல்ல" என்றார்.

எங்கே போயிருக்கிறார் என்று கேட்டதற்கு, வலப்பனைச் சந்தைக்குப் போயிருக்கிறார் என்று அண்ணன் சொன்னாராம். படியில் உட்கார்ந்து சாயங்காலம்வரை பார்த்தாராம். வரவில்லையாம். நான் சோறு போட்டேன். சாப்பிட்டார். கை கழுவினார். பிள்ளைகள் தூங்கியிருந்தார்கள். நான் பாத்திரத்தை எடுக்கக் குனிந்தபோது அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"நான் படியேறிப் போறப்ப பாத்தியில ஆளு இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கொழாயி மட்டும் தரையில கெடந்துச்சு. தண்ணி ஓடிக்கிட்டிருந்துச்சு."

நான் காத்திருந்தேன்.

"செடியெல்லாம் அழுகிப்போயிரும்னு, நான்தான் போயி மூடுனேன்."